குரல் நின்ற பிறகும் ஏன் எழுந்திருக்க முடியவில்லை?

மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்குள் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: "காதுல குரல் ஏதும் கேட்குதா? யாராவது உங்களுக்குக் கெடுதல் பண்றாங்கன்னு தோணுதா? தூக்கம் வருதா? மாத்திரை விடாம போடுறீங்களா?" நான்குக்கும் எதிர்பார்த்த பதில் வந்துவிட்டால், போன மாதச் சீட்டில் இருந்ததே மறுபடி எழுதப்படும். உடன் வந்த அம்மா மட்டும் எழுந்திருக்கத் தயங்குவார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கான் டாக்டர். ஆனா ஒண்ணுமே செய்ய மாட்டேங்கிறான்."

அம்மாவின் அந்தக் கடைசி வரியில்தான் நோயின் பாதி இருக்கிறது. மனச்சிதைவு நோய் வந்தவர் பத்து வருடம் கழித்து எப்படி வாழ்வார், வேலைக்குப் போவாரா, தனியாகப் பஸ் ஏறுவாரா, குடும்பம் நடத்துவாரா என்பதைக் குரல்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. குரல்கள் அடங்கிய பிறகும் எஞ்சி நிற்பவைதான் பெரிய பங்கு வகிக்கின்றன.

மருத்துவத்தில் இந்த நோயின் அறிகுறிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இல்லாதது வந்து சேர்வது முதல் வகை: யாரும் பேசாமலே குரல் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்பது போன்ற அசைக்க முடியாத பொய் நம்பிக்கை (பிரமை), கோர்வையில்லாத பேச்சு. இவற்றை மிகைக் குறிகள் என்று சொல்லலாம். இருந்தது குறைந்துபோவது இரண்டாவது: முகத்தில் உணர்ச்சி தெரியாது, பேச்சு ஓரிரு சொல்லில் முடிந்துவிடும், எதையும் தொடங்கும் உந்துதல் இருக்காது, நண்பர்கள் தேவைப்பட மாட்டார்கள். இவை குறைக் குறிகள். மூன்றாவது, வெளியே கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கவனம், நினைவு, திட்டமிடல் ஆகியவற்றில் விழும் ஓட்டை.

மளிகைக் கடைக்கு அனுப்பிப் பார்த்தால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். துவரம்பருப்பு அரைக் கிலோ, புளி கால் கிலோ, ஒரு தேங்காய், ஒரு பாக்கெட் உப்பு. தெருவில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று பயந்து பாதி வழியில் திரும்பி வந்தால் அது மிகைக் குறி. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போய்ப் படுத்தால் அது குறைக் குறி. கடைவரை போய், கடைக்காரர் "என்ன வேணும்?" என்றதும் பருப்பு மட்டும் நினைவிருந்து, மீதிச் சில்லறையையும் எண்ணிப் பார்க்காமல் வந்தால் அது அறிதிறன் குறைபாடு. வீட்டில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான்: சோம்பேறித்தனம்.

மாத்திரைகள் முதல் வகையை நன்றாக அடக்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவ்வளவாகத் தொடுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கிரீன் அதுவரை வந்த ஆய்வுகளை 1996ல் தொகுத்துப் பார்த்தபோது, வேலை, சமூக வாழ்க்கை, புதுத் திறன்களைக் கற்றுக்கொள்வது ஆகியவற்றோடு அதிகம் ஒட்டி வந்தவை நினைவு, கவனம் போன்றவைதான். குரல்களுக்கும் பிரமைகளுக்கும் அந்த அளவு தொடர்பு தென்படவில்லை. குரல் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குரல் ஏதும் இல்லாமல் வருடக்கணக்கில் கட்டிலிலேயே கிடப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் குரல்களும் பிரமைகளும் முக்கியமில்லையா என்று கேட்டால், முக்கியம்தான். எப்போது, எவ்வளவு காலம் என்பதில் இருக்கிறது விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் 1,600க்கும் மேற்பட்டவர்களை 15 முதல் 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தது. சென்னையும் சண்டிகரும் அதில் உண்டு. முடிவுகள் 2001ல் வந்தன. உயிரோடு இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். பிற்கால நிலையை மிகச் சரியாக முன்கூட்டிச் சொன்னது ஒரே ஒரு அளவுகோல்: நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை பங்கு காலம் அவர் மிகைக் குறிகளோடு கழித்தார் என்பது. இருபது வயதில் காலேஜ், நண்பர்கள், முதல் வேலை என்று கட்டிக்கொண்டிருந்த எல்லாமே அந்த இரண்டு வருடத்தில் கைநழுவிவிடும். பின்னால் குரல் நின்றாலும் திரும்பிப் போக ஒரு இடம் இருக்காது.

சிகிச்சை தொடங்காமல் கழியும் காலம் அதனால்தான் இவ்வளவு கனமானது. நார்வேயின் ரோகலாந்து பகுதியில் 1997 முதல் நான்கு ஆண்டுகள் ஒரு முயற்சி நடந்தது. பத்திரிகை விளம்பரம், பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் பயிற்சி, யார் வேண்டுமானாலும் நேரடியாக அழைக்கக்கூடிய ஒரு குழு. மருந்தில் எந்தப் புதுமையும் இல்லை. சிகிச்சைக்கு வரும் தாமதம் நடுமதிப்பில் 5 வாரமாகக் குறைந்தது. இந்த ஏற்பாடு இல்லாத ஒப்பீட்டுப் பகுதிகளில் அது 16 வாரம். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், சீக்கிரம் கண்டுபிடித்த பகுதியில் 30.7 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள், மற்ற இடங்களில் 15.1 சதவீதம். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி வேலையில் இருப்பதால் வந்தது. பதினோரு வாரம் முன்னதாக வந்ததற்குப் பத்து வருடம் கழித்துக் கிடைத்த பலன் அது. நம் ஊரில் கோயில், தர்கா, மந்திரிப்பவர் என்று ஒரு சுற்று முடித்துவிட்டு டாக்டரிடம் வருவதற்குள் வாரங்கள் அல்ல, வருடங்களே போய்விடுவதுண்டு. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் போதும்.

நோய் திரும்ப வருவதும் இதே கணக்கில்தான் சேரும். நியூயார்க்கில் முதல்முறை நோய் வந்து குணமானவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் ஐந்து ஆண்டுக்குள் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது. மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கையிலிருக்கும் வேலையோ படிப்போ போகிறது. அடுத்த முறை அதே முதலாளி சேர்த்துக்கொள்ள மாட்டார்.

இனி, குரல் நின்ற பிறகு ஒருவர் ஏன் எழுந்திருப்பதில்லை என்பதற்கு வருவோம். இதை உண்மையான குறைக் குறி என்று முடிவுகட்டுவதற்கு முன் வேறு நான்கு காரணங்களைப் பார்த்தாக வேண்டும். நான்கையும் சரிசெய்ய வழி உண்டு.

முதல் சந்தேகம் மாத்திரையின் மீதே. ஒலான்சபின், குவெடியாபின், க்ளோசபின் போன்றவை தூக்கத்தை இழுக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதியிருப்பதை டாக்டரைக் கேட்டு முழுவதும் இரவுக்கு மாற்றினாலே சிலருக்குக் காலைப் பொழுது திரும்பக் கிடைத்துவிடும்.

இரண்டாவது, மருந்தால் வரும் விறைப்பு. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், மாதம் ஒருமுறையோ இரண்டு முறையோ போடும் ஃப்ளூஃபெனசின் ஊசி ஆகியவற்றில் இது அதிகம். முகம் மரத்துப்போனது போல இருக்கும், நடை மெதுவாகும், தலையணையில் எச்சில் ஒழுகியிருக்கும். வீட்டுக் கூடத்தில் பத்தடி நடக்கச் சொல்லிக் கைகளைக் கவனியுங்கள். இயல்பாக முன்னும் பின்னும் ஆடாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் மருந்துதான் காரணம். மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ சில வாரத்தில் இது வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விறைப்பைத் தடுக்கவென்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற சின்ன மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது இங்கே வழக்கம். 2 மில்லிகிராம், காலை ஒன்று, மதியம் ஒன்று. சில மாதம் கழித்து அது தேவையா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சீட்டில் அப்படியே வருடக்கணக்கில் தொடரும். அது நினைவாற்றலை நேரடியாகக் குறைக்கும் மருந்து. ஏற்கெனவே நினைவில் ஓட்டை விழுந்தவருக்கு இன்னொரு ஓட்டை. வாய் உலர்தலும் மலச்சிக்கலும் கூடவே வரும். திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆனால் "இதைக் குறைக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. பலருக்கு முடியும்.

மூன்றாவது, மனச்சோர்வு. பிரமை தெளிந்த பிறகுதான் என்ன நடந்தது, எதை இழந்தோம் என்பது புரியும். குறைக் குறி உள்ளவர் வெறுமையாக இருப்பார், அதைப் பற்றி வருத்தப்பட மாட்டார். மனச்சோர்வு உள்ளவர் அழுவார், "என்னால எல்லாருக்கும் கஷ்டம்" என்பார், சாப்பாடும் தூக்கமும் குறையும். இந்த வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடு. மனச்சிதைவு நோய் வந்தவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் தற்கொலையால் இறக்கிறார்கள், பெரும்பாலும் நோயின் ஆரம்ப ஆண்டுகளில். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் எண் 14416ல் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

நான்காவது, குரல் உண்மையில் நிற்கவே இல்லை. மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து "இல்லை" என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். தனியாகச் சிரிப்பது, உதடு அசைவது, காதில் பஞ்சோ ஹெட்ஃபோனோ வைத்தபடியே இருப்பது போன்றவை காட்டிக்கொடுக்கும். இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டும் குரல் அடங்காதவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். அவர்களுக்கான மருந்து க்ளோசபின். 1988ல் வந்த ஆய்வில், வேறு மருந்துகளுக்கு மசியாத 268 பேரில் க்ளோசபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேர் ஆறே வாரத்தில் முன்னேறினார்கள். பழைய மருந்தான குளோர்ப்ரோமசினில் 4 சதவீதம். முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்த வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும் என்பதால் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போட்ட ஐந்து வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இந்த மருந்து எடுப்பவர் மூன்று நாள் மலம் கழிக்காவிட்டால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. சிகரெட்டைத் திடீரென நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். இரண்டையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்த நான்கும் இல்லை என்று உறுதியான பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான குறைக் குறி. அதற்கு மாத்திரை அவ்வளவாக உதவாது. உதவுவது சுற்றியிருக்கும் வாழ்க்கை. இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் இரண்டு மாநிலங்களிலிருந்து வருகிறது. வெர்மான்ட் அரசு மனநல மருத்துவமனையின் பின்கட்டு வார்டுகளில் பல வருடம் கிடந்த 269 பேரை 1950களில் மறுவாழ்வுத் திட்டத்தோடு வெளியே அனுப்பினார்கள். தங்க இடம், வேலை, தொடர்ந்து வந்து பார்க்கும் ஆட்கள். சராசரியாக 32 ஆண்டு கழித்து கோர்ட்னி ஹார்டிங் குழுவினர் தேடிப்போனபோது, பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு பேர் மீண்டிருந்தார்கள் அல்லது வெகுவாக முன்னேறியிருந்தார்கள். பிறகு மெய்ன் மாநிலத்தில் அதே வயது, அதே நோய், அதே அளவு மருத்துவமனை வாசம் உள்ளவர்களைத் தேடி ஒப்பிட்டார்கள். அங்கே அப்படியொரு திட்டம் இருந்ததில்லை. வேலையிலும் சமூகத்தோடு ஒட்டி வாழ்வதிலும் அறிகுறிகளிலும்கூட வெர்மான்ட்காரர்களே மேல்.

சென்னையின் கதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 1980களின் தொடக்கத்தில் முதல்முறை நோய் வந்த 90 பேரை இங்கே பதிவு செய்து தொடர்ந்தார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984ல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பில் டாக்டர் ஆர். தாராவின் குழு இதைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தது. பத்தாவது ஆண்டில் 76 பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது. நோய் வந்து வந்து போனவர்களே பெரும்பாலோர். இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் சிலரே. கல்யாணம் செய்துகொண்டவர்களும் வேலைக்குப் போன ஆண்களும் மேலை நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட்டால் அதிகம்.

இதை வைத்து "ஏழை நாட்டில் இந்த நோய் லேசானது" என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. சிகிச்சைக்கே வராதவர்கள், தெருவில் கிடப்பவர்கள், சீக்கிரம் இறந்துபோகிறவர்கள் எல்லாம் அந்த வாக்கியத்துக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியைப் பின்னாளில் நேருக்கு நேர் சோதித்திருக்கிறார்கள். சென்னையில் 168 பேர், கனடாவின் மாண்ட்ரியலில் 165 பேர், எல்லோருக்கும் முதல்முறை நோய், இரு இடத்திலும் ஒரே மாதிரி வடிவமைத்த சிகிச்சை. இரண்டு வருட முடிவில் மிகைக் குறிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. குறைக் குறிகளில் சென்னை முன்னே நின்றது. சென்னையில் குடும்பத்தினர் சிகிச்சைக் குழுவோடு தொடர்பில் இருந்ததும் மிக அதிகம். கூட வந்து உட்காரும் அந்த அம்மாவுக்கு இதில் நிச்சயம் பங்கு இருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

அதே வீடு கெடுதலும் செய்யும். குடும்பத்தின் குத்தல் பேச்சு, பகைமை, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது ஆகியவற்றை இங்கிலாந்தில் அளந்தார்கள். 1976ல் வான், லெஃப் வெளியிட்ட ஆய்வுக் கணக்கில், இவை அதிகமாக இருந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. குறைவான வீடுகளில் 13 சதவீதம் பேருக்குத்தான். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஆபத்து இன்னும் கூடியது. "உன் வயசுப் பசங்கள்லாம் எப்படி இருக்காங்க பாரு" என்ற ஒரு வரி தினமும் காபியோடு வந்தால் போதும்.

பெண்களுக்குக் கணக்கு வேறு. நோயை மறைத்துக் கல்யாணம் நடக்கிறது, மாத்திரையையும் மறைக்க வேண்டியிருக்கிறது, மறைத்ததில் மாத்திரை நிற்கிறது, நோய் திரும்புகிறது, பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். ஜீவனாம்சம் கிடையாது, பல சமயம் முறையான விவாகரத்தும் கிடையாது. அறிகுறி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை ஒன்றாக முடிவதில்லை. வீடே இல்லாமல் போன பெண்களுக்காக 1993ல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, வாடகை வீடுகளில் நான்கைந்து பேரைச் சேர்ந்து வாழவைக்கும் ஏற்பாட்டைச் செய்கிறது. சமைப்பதும் கடைக்குப் போவதும் அக்கம்பக்கத்தில் பேசுவதும் அங்கே சிகிச்சையின் பகுதி.

வேலை விஷயத்தில் நம்மிடம் உள்ள பழைய நம்பிக்கை, "முழுசா குணமாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது. இது தலைகீழ். ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலில் பயிற்சி, பிறகு வேலை என்று வைத்தார்கள். மறுபாதியை நேராக உண்மையான வேலையில் சேர்த்துவிட்டு, உதவியாளர் ஒருவர் கூடவே இருந்து தாங்கினார். முதல் குழுவில் 28 சதவீதம் பேர் ஒரு நாளாவது வேலை பார்த்தார்கள். இரண்டாவதில் 55 சதவீதம்.

அப்படிப்பட்ட உதவியாளர் நம்மில் பலருக்குக் கிடைக்க மாட்டார். வீட்டிலேயே செய்யக்கூடியது இதுதான். நாளுக்கு ஒரே ஒரு வேலை, ஒரே நேரம், ஒரே இடம். காலை ஏழரைக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் இரண்டு வாரமும் அதுவேதான். முதல் சில நாள் பக்கத்தில் நின்று கூடவே செய்ய வேண்டும். "போ, போய் ஊத்து" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் நடக்காது, ஏனென்றால் தொடங்குவதுதான் அவருக்குக் கெட்டுப்போயிருக்கிறது, செய்வது அல்ல. கடைக்கு அனுப்பினால் சீட்டு எழுதிக் கொடுங்கள், முதலில் இரண்டு சாமான், பிறகு நான்கு. அது பழகிய பின் தெரிந்தவர் கடையில் இரண்டு மணி நேர வேலை. ஒரு நல்ல வாரத்தைப் பார்த்து நேரடியாக எட்டு மணி நேரத்துக்கு ஏற்றுவதும், நைட் ஷிப்டுக்கு ஒத்துக்கொள்வதும்தான் பெரும்பாலும் கவிழ்க்கும். தூக்கம் கெட்டால் நோய் எட்டிப்பார்க்கும். முதல் சம்பளம் வந்ததும் "இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்துவது அடுத்த பள்ளம்.

உடம்பும் கவனிக்க வேண்டியது. இந்த நோய் உள்ளவர்களின் ஆயுள் ஏறக்குறைய 15 ஆண்டு குறைகிறது, பெரும்பாலும் மாரடைப்பு, சர்க்கரை, புகை போன்றவற்றால். மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவுக்கு வீட்டு இஞ்ச் டேப் போதும்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 எல்லை.

அன்றாடச் செயல்பாட்டைத் தனியாக அளக்க நம் நாட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் பயன்படும் ஐடியாஸ் அளவுகோலில் குரல் கேட்கிறதா என்ற கேள்வியே கிடையாது. தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அதோடு நோய் வந்து எத்தனை வருடம் என்பதற்கு 1 முதல் 4 வரை. குளிக்க நினைவூட்ட வேண்டியிருக்கிறது 1, மற்றவர்களோடு சரியாகப் பழகுவதில்லை 2, கேட்டால் மட்டும் பதில் 1, வேலை அநேகமாக இல்லை 3, நோய் வந்து ஏழு வருடம் 3. கூட்டினால் 10. இது மிதமான ஊனம், அதாவது 40 முதல் 70 சதவீதம். 40 சதவீதம் இருந்தாலே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சலுகைகளுக்குத் தகுதி உண்டு.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்குப் போகும்போது இந்த நான்கு தலைப்பையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். போன மாதம் எத்தனை நாள் தானாகக் குளித்தார், எத்தனை முறை வாசலைத் தாண்டினார், யாரிடமாவது தானாகப் பேசினாரா, எந்த வேலையை முடித்தார், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எண்களோடு இருக்கட்டும். "ஒண்ணுமே செய்ய மாட்டேங்கிறான்" என்றால் ஐந்து நிமிடத்தில் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. "முப்பது நாளில் நாலு நாள்தான் வெளியே போனான், நடக்கும்போது கை ஆடல, இந்தச் சின்ன மாத்திரை ரெண்டு வருஷமா ஓடுது" என்றால் அதே ஐந்து நிமிடத்தில் சீட்டு மாறும்.